கொதிக்காத கூலன்ட் ஊற்றியும் சூடேறிய எஞ்சின்: கோத்தகிரி டீ ஃபேக்டரி ஜெனரேட்டர் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

நீலகிரி மாவட்டம் கோத்தகிரி வட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த டீ ஃபேக்டரி. சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி, நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. முறையில் தூளாக்குவதுதான் தொழில். தென்மேற்குப் பருவமழை இறங்கினால் இலையும் குவியும், மின்தடையும் வரும். காற்றுக்கு ஒரு கற்பூர மரம் மின்கம்பியில் சாய்ந்தால் ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் கரண்ட் இருக்காது. வாடிய இலை அதுவரை காத்திருக்காது. ரோலரில் நசுங்கிய இலை ஒன்றரை மணி நேரத்துக்குள் டிரையருக்குப் போகாவிட்டால் புளித்துவிடும், அந்த பேட்ச் வீண். அதனால் ஜூன், ஜூலையில் ஃபேக்டரியின் உயிர் ஜெனரேட்டரில்தான் இருக்கிறது.

ஜெனரேட்டர் 125 கே.வி.ஏ. ஆறு சிலிண்டர், டர்போ, வெட் லைனர் எஞ்சின் (பிஸ்டன் ஓடும் குழலான லைனரின் வெளிப்பக்கத்தில் கூலன்ட் நேரடியாகப் படும் வகை), நிமிடத்துக்கு 1,500 சுற்று. ரேடியேட்டரும் எஞ்சினின் உடலான பிளாக்கும் சேர்ந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் 24 லிட்டர் பிடிக்கும். முழுத் திறனில் 174 ஆம்பியர் தரும் என்று தகட்டில் எழுதியிருக்கிறது, ஆனால் அது சமவெளிக் கணக்கு. இந்த எஞ்சினின் உயர அட்டவணைப்படி 1,900 மீட்டரில் பத்து விழுக்காடு கழிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கையில் இருப்பது 156 ஆம்பியர்தான். இந்த அட்டவணையை ஃபேக்டரியில் யாரும் பார்த்ததில்லை.

ஜெனரேட்டர் நின்ற இடமும் இந்த நிகழ்வில் ஒரு காரணம். டீத்தூளைத் தரம் பிரிக்கும் சார்ட்டிங் அறையின் பின்சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்ட செங்கல் அறை. ரேடியேட்டருக்கு எதிரே சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. ரேடியேட்டருக்கும் ஜன்னலுக்கும் நடுவே நான்கு அடி இடைவெளி, இரண்டையும் இணைக்கும் குழல் எதுவும் கிடையாது. சார்ட்டிங் அறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றைத் தள்ளுவது இந்த அறைக்குள் காற்று நுழையும் பக்கத்தில். அந்தக் காற்றோடு டீ பஞ்சும் வரும்.

முதல் அறிகுறிகள்

ஜூன் முதல் வாரத்தில் ஒரு மாலை. மின்சாரம் போய், லோடு 138 ஆம்பியரில் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் ஒரு மணி பத்து நிமிடத்தில் தானாக நின்றது. 98 டிகிரியில் எஞ்சினை நிறுத்தும் வெப்ப சுவிட்ச் வேலை செய்திருந்தது. ஆபரேட்டர் ஆறவிட்டுத் திறந்து பார்த்தபோது மேல் டேங்க் காலி. மூன்று லிட்டர் ஊற்றுத் தண்ணீர் ஊற்றி மறுபடியும் ஓட்டினார். அந்த மாதம் இன்னும் மூன்று முறை இதே கதை. ஒவ்வொரு முறையும் இரண்டு, மூன்று லிட்டர் தண்ணீர். முன்பு இருந்த பச்சை நிறக் கூலன்ட் கடைசியில் டீத்தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது.

மலை ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது, கொங்குப் பகுதி போர்வெல் தண்ணீர் மாதிரி சுண்ணாம்பு படியாது. அந்த நம்பிக்கையில்தான் இங்கே பலரும் வெறும் தண்ணீரை ஊற்றுகிறார்கள். சுண்ணாம்பு படியாது என்பது உண்மை, ஆனால் துரு பிடிக்கும். துருவைத் தடுக்கும் மருந்து ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் நீர்த்துப் போகிறது. வெட் லைனர் எஞ்சினில் இதற்கு இன்னொரு விலையும் உண்டு, அது பின்னால் தெரிந்தது.

ஜூன் கடைசியில் நான்காவது முறை நின்றபோது இலை ரோலரில் இருந்தது. ஆபரேட்டரால் காத்திருக்க முடியவில்லை. சாக்கை மடித்து மூடியைப் பிடித்துத் திறந்தார். பொங்கி வந்த கொதிநீர் வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பட்டது. இரண்டு வாரம் வேலைக்கு வர முடியவில்லை. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. இலை வீணாகிறதே என்ற பதற்றம் அந்த அறிவை மீறிவிட்டது. அந்தப் பதற்றத்துக்கு ஆபரேட்டரை ஆளாக்கிய ஏற்பாட்டைத்தான் முதலில் திருத்தியிருக்க வேண்டும்.

முதல் முடிவும் அதன் இரண்டு பிழைகளும்

"இதில் தண்ணீரே கிடையாது, 180 டிகிரி வரை கொதிக்காது" என்று சொல்லி நீரற்ற கூலன்ட்டை ஒருவர் பரிந்துரைத்தார். சொன்னது பொய்யில்லை. நீரற்ற கூலன்ட் என்பது எத்திலின் கிளைக்கால், புரோப்பிலின் கிளைக்கால் ஆகிய திரவங்களும் துருத் தடுப்பு மருந்தும் சேர்ந்தது. காற்றழுத்தத்திலேயே 180 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஆவி கிளம்பாததால் ரேடியேட்டருக்குள் அழுத்தம் ஏறாது. மூடியைத் திறந்ததும் கொதிநீர் பீறிடும் ஆபத்து பெருமளவு போகும். கை வெந்த சம்பவத்துக்குப் பிறகு முதலாளி இதை விரும்பியதில் வியப்பில்லை.

ஜூலை முதல் வாரம் மாற்றினார்கள். ரேடியேட்டரின் அடி டேப்பைத் திறந்துவிட்டதில் 17 லிட்டர் வந்தது. அவ்வளவுதான் என்று மூடி, நீரற்ற கூலன்ட்டை ஊற்றினார்கள். எஞ்சின் பிடிப்பது 24 லிட்டர் என்பதையும் வெளியே வந்தது 17 லிட்டர் என்பதையும் யாரும் ஒப்பிடவில்லை. பிளாக்கிலும் ஆயில் கூலர் கூட்டிலும் ஏழு லிட்டர் தண்ணீர் தங்கிவிட்டது. ஊற்றியது நீரற்ற கூலன்ட்தான், ஆனால் எஞ்சினுக்குள் ஓடியது கால் பங்குக்கு மேல் தண்ணீர் கலந்த கலவை. கிளைக்காலில் முப்பது விழுக்காடு தண்ணீர் சேர்ந்தால் கொதிநிலை கடல் மட்டத்திலேயே 115-ஐ ஒட்டி இறங்கிவிடும். இந்த உயரத்தில் அதற்கும் கீழே.

இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. புதிய கூலன்ட் போட்ட அன்றே எஞ்சின் 98-ஐத் தொட்டு நின்றது. "180 வரை கொதிக்காத திரவத்துக்கு 98-இல் எதற்கு நிறுத்தம்?" என்று கேட்டு, வெப்ப சுவிட்சின் ஒயரைக் கழற்றிவிட்டார்கள். கொதிநிலை திரவத்தின் குணம். 98 என்ற எல்லையை எஞ்சின் செய்தவர் வைத்தது, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டையும் அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டையும் பிஸ்டனையும் எஞ்சின் ஆயிலையும் பார்த்து. திரவத்தை மாற்றியதால் இவை எதுவும் மாறவில்லை.

ஒன்பது நாளில் 31 மணி நேரம் ஓடியது. மீட்டர் 104, 106 காட்டியது. ஆவி வரவில்லை, பொங்கவில்லை, கூலன்ட் குறையவில்லை. கண்ணுக்குத் தெரிந்த தொல்லை எல்லாம் நின்றுவிட்டதால் கோளாறு தீர்ந்தது என்றே நம்பினார்கள். தண்ணீர் ஓடும் எஞ்சினில் பொங்கி வழிவது ஓர் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கை இப்போது இல்லை, மீட்டரைத் தவிர வேறு சாட்சியும் இல்லை.

எஞ்சின் நின்ற இரவு

ஜூலை மூன்றாவது வாரம், இரவு ஷிப்ட். டிரையர் ஃபேன் சத்தம் ஏறி இறங்கியது. ஆபரேட்டர் ஓடிப்போய்ப் பார்த்தபோது புகைபோக்கியில் வெள்ளைப் புகை, வழக்கமாக 4.2 பாரில் நிற்கும் ஆயில் அழுத்தம் 1.8 பாரில். உடனே நிறுத்தினார். அந்த ஒரு நிமிட முடிவு கிராங்க் ஷாஃப்டைக் காப்பாற்றியது.

காலையில் கூலன்ட் நான்கு லிட்டர் குறைந்திருந்தது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. ஆயில் டிப்ஸ்டிக்கில் மட்டம் இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. தண்ணீர் கலந்த ஆயில் மோர் நிறத்துக்கு வெளுத்துவிடும், யாரும் கண்டுபிடித்துவிடலாம். கிளைக்கால் கலந்த ஆயில் அவ்வளவு வெளுப்பதில்லை. இங்கே அது கருப்பாகவே இருந்தது, விரலில் தொட்டு இழுத்தபோது வெல்லப்பாகு போல நூலாக நீண்டது. இந்த நிலையில் ஓட்டினால் பேரிங் போய்விடும்.

பிரித்தபோது கண்டவை

ஹெட் கேஸ்கட் 4, 5 சிலிண்டர்களுக்கு நடுவே, கூலன்ட் துளையை ஒட்டி எரிந்திருந்தது. ஹெட் 0.18 மில்லிமீட்டர் வளைந்திருந்தது. மெயின் பேரிங்குகளில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. 2, 4 லைனர்களின் வெளிப்பக்கத்தில், பிஸ்டன் இடித்து ஓடும் பக்கமாக, குண்டூசியால் குத்தியது போலத் துளைகள், ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம்.

இந்தத் துளைகள் மூன்று வாரத்தில் வந்தவை அல்ல, ஆண்டுக்கணக்கில் விழுந்தவை. பிஸ்டன் இடிக்கும்போது லைனர் நுண்ணளவில் அதிர்கிறது. ஒட்டியிருக்கும் தண்ணீரில் ஆவிக் குமிழிகள் உண்டாகி, உடைந்து, உடையும் வேகத்தில் உலோகத்தைக் கொத்தி எடுக்கின்றன. லைனர் மேல் மெல்லிய காப்புப் படலம் உண்டாக்கும் மருந்து கூலன்ட்டில் போதிய அளவில் இருந்தால் இது கட்டுப்படும். வெறும் ஊற்றுத் தண்ணீரில் அந்த மருந்து ஏது?

இனி ரேடியேட்டர். ஒவ்வொரு முறையும் ஆபரேட்டர் வெளிப்பக்கம் நின்று பார்த்து "சுத்தமாக இருக்கிறது" என்றுதான் சொன்னார். அதுவும் சரி, வெளிப்பக்கத்தில் ஃபின்கள் (வெப்பத்தைக் காற்றுக்கு விடும் மெல்லிய தகடுகள்) பளபளவென்று இருந்தன. ஆனால் ஜெனரேட்டர் ஃபேன் லாரி ஃபேனைப் போல ரேடியேட்டர் வழியே காற்றை இழுப்பதில்லை. எஞ்சின் பக்கமிருந்து வாங்கி ரேடியேட்டர் வழியே வெளியே தள்ளுகிறது. அழுக்கு படிவது உள்பக்கத்தில், ஃபேன் கூண்டுக்குப் பின்னால். கூண்டைக் கழற்றிக் கைவிளக்கை உள்ளே காட்டியபோது ஃபின்களே தெரியவில்லை. காப்பி நிறக் கம்பளி போர்த்தியது போல இருந்தது. ஓரத்தில் ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பியதும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கனமான அடை போல ஒரே துண்டாக உரிந்து வந்தது. எஞ்சினின் அடிக்கூட்டிலிருந்து புகையை வெளியேற்றும் கிராங்க்கேஸ் பிரீதர் குழாய் ஃபேனுக்கு முன்னால் எண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. அந்த எண்ணெயும் சார்ட்டிங் அறையின் டீ பஞ்சும் சேர்ந்து நெய்த கம்பளி அது. ரேடியேட்டர் முகப்பில் பாதிக்கு மேல் இப்படி மூடியிருந்தது.

ரேடியேட்டர் மூடியில் 0.9 பார் என்று அச்சிட்டிருந்தது. அந்த அழுத்தம் வரை மூடி திறக்கக் கூடாது, உள்ளே அழுத்தம் ஏற ஏறக் கொதிநிலையும் ஏறும். கைப்பம்பில் வைத்துச் சோதித்தபோது 0.25 பாரிலேயே திறந்துகொண்டது. சமவெளியில் இது பெரிய விஷயமாகத் தெரியாமல் போகலாம், மலையில் தெரியும். 1,900 மீட்டரில் மூடியில்லாத பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது. நல்ல 0.9 பார் மூடி இருந்தால் 115 வரை தாங்கும். 0.25 பார் மூடியோடு 101. ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றியுள்ள தண்ணீர் மீட்டர் காட்டுவதைவிடச் சூடானது. மீட்டர் 92 காட்டும்போதே அங்கே கொதி தொடங்கியிருக்கும். ஜூன் மாதம் பொங்கி வழிந்த தண்ணீருக்கு நேரடிக் காரணம் இந்த மூடிதான். அது மாற்றிவிட்டுப் போகக்கூடிய மலிவான பொருள்.

அறையையும் அளந்தார்கள். வெளியே 19 டிகிரி, எஞ்சினுக்குப் பின்னால் காற்று நுழையும் இடத்தில் 34. ரேடியேட்டர் தள்ளிய வெந்த காற்றில் ஒரு பகுதி ஜன்னலுக்குப் போகாமல் அறைக்குள்ளேயே திரும்பி, மறுபடியும் ஃபேனுக்கு வந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே கன அளவைத் தள்ளினாலும் வெப்பத்தைச் சுமக்கும் காற்றின் எடை குறைவு. மலைக்குளிர்தான் இதை ஈடுகட்டுகிறது. அந்தக் குளிர்ந்த காற்றைத்தான் இந்த அறை எஞ்சினுக்குக் கிடைக்காமல் செய்துவிட்டது.

ஃபேன் பெல்ட்டும் கண்ணாடிபோல் வழுவழுத்துத் தளர்ந்திருந்தது.

இரண்டாவது முடிவு: முதலில் எஞ்சின், பிறகுதான் திரவம்

ஹெட்டின் வளைந்த தளத்தைச் சமப்படுத்தி, கேஸ்கட், பேரிங்குகள், ஆறு லைனர்கள், அவற்றின் ரப்பர் வளையங்கள் எல்லாம் மாற்றப்பட்டன. ஆயில் வழிகள் இரண்டு முறை கழுவப்பட்டன. கிளைக்கால் கலந்த ஆயில் உறைந்து துளைகளை அடைத்திருக்கும் என்பதால், ஒரு முறை ஆயில் மாற்றினால் போதாது. முதல் ஆயிலை அரை மணி நேரம் லோடு இல்லாமல் ஓட்டிவிட்டுக் கொட்டிவிட்டார்கள்.

ரேடியேட்டரைக் கழுவியதில் வரிசை முக்கியம். பஞ்சை உலர்ந்த நிலையிலேயே மெல்லிய தூரிகையால் எடுத்தார்கள். தண்ணீர் பட்டால் அது கூழாகி ஃபின்களுக்கு நடுவே இறங்கிவிடும். பிறகு எண்ணெய் கரைக்கும் சோப்புக் கரைசலை அடித்து இருபது நிமிடம் ஊறவிட்டு, வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக, அதாவது காற்று போகும் திசைக்கு எதிராக, சாதாரண ஹோஸ் தண்ணீரில் கழுவினார்கள். வண்டி கழுவும் உயர் அழுத்தத் துப்பாக்கியை யாரோ எடுத்து வந்தார்கள், திருப்பி அனுப்பப்பட்டது. அதன் ஒரே வீச்சில் ஃபின்கள் படுத்துவிடும், படுத்த ஃபின்னும் அடைத்த ஃபின்னும் ஒன்றுதான்.

பிரீதர் குழாய் அறைக்கு வெளியே நீட்டப்பட்டது. சார்ட்டிங் எக்ஸாஸ்ட் வாயில் ஒரு வளைவு வைத்து எதிர்ப்பக்கம் திருப்பப்பட்டது. ரேடியேட்டர் விளிம்பிலிருந்து ஜன்னல் வரை கித்தான் குழல் தைத்துப் பொருத்தினார்கள். ஜன்னல் ரேடியேட்டர் முகப்பின் பரப்பைப் போல 1.25 மடங்குக்கு அகலப்படுத்தப்பட்டது, நுழைவு வழியும் அதே அளவுக்கு. புது மூடி, புது பெல்ட் போட்டார்கள். கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் 10 முதல் 12 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். வெப்ப சுவிட்சின் ஒயர் திரும்ப இணைக்கப்பட்டது. இதில் பேச்சுவார்த்தைக்கு இடமே இல்லை என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். அது சரியான பிடிவாதம்.

எந்தத் திரவம் ஊற்றுவது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. மெக்கானிக் சாதாரணக் கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி வடிநீரில் கலந்து ஊற்றினால் போதும் என்றார். முதலாளிக்கு நீரற்றதே வேண்டும். மூன்று வாரம் பாதிக்குப் பாதி கலவையில் ஓட்டி அளவு எடுத்துவிட்டு முடிவு செய்வது என்று ஒப்புக்கொண்டார்கள். இந்த நிகழ்விலேயே மிகப் பயனுள்ள முடிவு இதுதான் என்பது எங்கள் கருத்து.

ஒரே லோடு 130 ஆம்பியர், ஒவ்வொரு முறையும் 45 நிமிடம். கித்தான் குழல் மாட்டாமல் 93 டிகிரி. குழல் மாட்டியபின் 86. அதாவது சூடேறும் தொல்லை சாதாரணக் கூலன்ட்டிலேயே தீர்ந்துவிட்டது. நீரற்ற கூலன்ட் இதைத் தீர்த்ததாக யாரும் இனிச் சொல்ல முடியாது.

அப்படியானால் நீரற்ற கூலன்ட் எதற்கு?

சூட்டைக் குறைக்க அல்ல. உண்மையில் அது சூட்டைக் கொஞ்சம் ஏற்றும். அறை வெப்பத்தில் ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4.2 கிலோஜூல் வாங்கிக்கொள்கிறது. பாதிக்குப் பாதி கலவை 3.3 அளவு. எத்திலின் கிளைக்கால் 2.4. அதே பம்ப், அதே வேகம், அதே ரேடியேட்டர் என்றால் குறைவாகச் சுமக்கும் திரவம் கூடுதலாகச் சூடாகித்தான் அதே வெப்பத்தைக் கொண்டுபோக முடியும். அது தண்ணீரைவிடக் கெட்டியானதும்கூட.

ஆனாலும் இந்த ஃபேக்டரிக்கு மூன்று காரணங்கள் பொருந்தின. மின்சாரம் திரும்பியதும் ஜெனரேட்டரைச் சட்டென்று நிறுத்திவிடுகிற பழக்கம் இங்கே உண்டு. பம்ப் நின்றதும் ஹெட்டில் தேங்கிய வெப்பம் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். கிளைக்கால் கொதிக்காது. இரண்டாவது லைனர் துளை. காப்பு மருந்தின் அளவைச் சோதனைத் தாளில் பார்த்து அவ்வப்போது சேர்க்க இங்கே ஆள் இல்லை. ஆவிக் குமிழி உண்டாவதே அரிதான திரவத்தில் அந்தக் கவலை குறைகிறது. மூன்றாவது, வெந்துபோன அந்தக் கை.

லிட்டர் விலை சாதாரணக் கூலன்ட்டைப் போலப் பல மடங்கு. புது லைனர் போட்ட பிறகு அந்தச் செலவு நியாயம் என்று முடிவானது.

இந்த முறை மாற்றிய விதம்

எஞ்சினை 50 டிகிரி அளவில் வெதுவெதுப்பாக ஓட்டிவிட்டு நிறுத்தினார்கள். ரேடியேட்டர் டேப், பிளாக்கின் பக்கவாட்டு டிரெயின் பிளக், ஆயில் கூலர் கூட்டின் பிளக், கீழ் ஹோஸ் எல்லாம் திறக்கப்பட்டன. வடிந்ததை வாளியில் அளந்தார்கள்: ரேடியேட்டரில் 17, மற்ற வழிகளில் ஐந்தரை. மிச்சம் ஒன்றரை லிட்டர். சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, குறைந்த அழுத்தக் காற்றைப் பதினைந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். பிறகு கழுவுவதற்கென்றே விற்கும் நீரற்ற திரவத்தை ஊற்றி, பத்து நிமிடம் ஓட்டி, அதையும் அதே வழிகளில் முழுக்க வடித்தார்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் தண்ணீரை அது இழுத்துக்கொண்டு வரும்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டு, நீரற்ற கூலன்ட்டை மெதுவாக ஊற்றினார்கள். கெட்டியான திரவம் என்பதால் காற்று எளிதில் சிக்கிக்கொள்ளும். டர்போவுக்குப் போகும் குழாயின் மேல் இணைப்பைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் திரவம் வரும்வரை காத்திருந்து இறுக்கினார்கள். ஒரு மணி நேரம் ஓட்டிய பின், தண்ணீர் எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்ததில் தண்ணீர் 1.2 விழுக்காடு. மூன்றுக்குள் இருக்க வேண்டும்.

சேமிப்பு பாட்டிலில் ஒன்றரை லிட்டர் இடம் காலியாக விடப்பட்டது. கிளைக்கால் தண்ணீரைவிட அதிகமாக விரியும், 24 லிட்டர் குளிர்ந்த நிலையிலிருந்து ஓடும் சூட்டுக்கு வரும்போது ஒரு லிட்டருக்கு மேல் பெருகும். பாட்டிலின் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். கிளைக்கால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஜூலை மாதக் கோத்தகிரி மூடுபனியில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கூலன்ட் மட்டம் காட்டிய பழைய சென்சார் திரவத்தின் மின்கடத்தலை நம்பி இயங்குவது. நீரற்ற திரவத்தில் அதை நம்ப முடியாது, மிதவை வகை போடப்பட்டது.

ரேடியேட்டர் மூடியில் சிவப்பு பெயின்ட் அடித்து, "தண்ணீர் ஊற்றக் கூடாது" என்று எழுதிய தகடு கட்டப்பட்டது. பக்கத்திலேயே ஐந்து லிட்டர் கேன். இது இல்லாவிட்டால் அந்த எழுத்துக்கு அர்த்தமில்லை, அவசரத்தில் கைக்குக் கிடைப்பதைத்தான் யாரும் ஊற்றுவார்கள். எத்திலின் கிளைக்கால் நச்சு, இனிப்பாக இருக்கும், நாய்கள் நக்கும். வடித்த பழைய திரவத்தை ஓடையில் விடாமல் டிரம்மில் பூட்டி வைத்தார்கள். தண்ணீர் குறைந்த கிளைக்கால் மிகச் சூடான உலோகத்தில் சிந்தினால் தீப்பற்றக்கூடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலே போகும் ஹோஸ்களும் கிளிப்புகளும் புதிதாக மாற்றப்பட்டது அதனால்தான்.

பின்விளைவு

அதே 130 ஆம்பியரில் நீரற்ற கூலன்ட்டோடு 91 டிகிரி நின்றது, முன்பைவிட ஐந்து கூடுதல். 140-இல் 93. அதற்கு மேல் லோடு ஏற்றுவதில்லை என்று பேனலில் எழுதப்பட்டது. இலை வாட்டும் டிரஃப் ஃபேன்களை ஒரே நேரத்தில் போடாமல் இரண்டிரண்டாகப் போடுகிறார்கள். குளிர்ந்த காலையில் திரவம் கெட்டியாக இருக்கும், ஐந்து நிமிடம் லோடு இல்லாமல் ஓட்டிய பிறகே லோடை ஜெனரேட்டருக்கு மாற்றுகிறார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் 160 மணி நேரம் ஓடியது. ஒரே ஒரு முறை நின்றது. ஃபேன் பெல்ட் அறுந்து 98-இல் சுவிட்ச் நிறுத்தியது. ஒரு சொட்டுக் கூலன்ட் வெளியேறவில்லை. மூடியைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை. பெல்ட் மாற்றி இருபத்தைந்து நிமிடத்தில் மறுபடியும் லோடு ஏற்றினார்கள், ரோலரில் இருந்த இலை தப்பியது. எந்த வேலைக்காக நீரற்ற கூலன்ட்டை ஊற்றினார்களோ அந்த வேலையை அன்று அது செய்தது. வெப்ப சுவிட்சும் தன் வேலையைச் செய்ததால்தான் அது முடிந்தது.

மழைக்காலம் முடிந்து பார்த்தபோது தண்ணீர் அளவு 1.9 விழுக்காட்டுக்கு ஏறியிருந்தது. பாட்டில் மூடியின் வாஷர் கிழிந்திருந்தது தெரிந்து மாற்றினார்கள். எக்ஸாஸ்டைத் திருப்பிய பிறகும் ரேடியேட்டரின் உள்பக்கத்தில் மூன்று வாரத்தில் மெல்லிய பஞ்சு படிந்துவிடுகிறது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை, அல்லது 50 மணி நேரத்துக்கு ஒரு முறை, கூண்டைக் கழற்றித் தூரிகை போடுகிறார்கள்.

மறுபடியும் செய்வதானால்

ஜூன் முதல் வாரத்தில், முதல் முறை நின்ற அன்றே, மூடியைப் பம்பில் சோதித்து, ஃபேன் கூண்டுக்குள் விளக்கைக் காட்டியிருந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்காது. அரை நாள் வேலை அது. இரண்டையும் பார்க்காமல் திரவத்தை மாற்றும் யோசனையை யார் கொண்டுவந்தாலும் ஏற்கக் கூடாது.

ஆயில் வெப்பத்துக்குத் தனி மீட்டர் இப்போதும் இல்லை, அதைப் போட வேண்டும். நீரற்ற கூலன்ட் ஓடும் எஞ்சினில் பொங்கி வழிந்து எச்சரிக்கும் வாய்ப்பு இல்லாததால், கூலன்ட் மீட்டர் ஒன்றை மட்டும் நம்புவது சரியல்ல.

காப்பு மருந்தைச் சோதித்துச் சேர்க்கப் பொறுப்பான ஓர் ஆள் இருக்கும் ஃபேக்டரியாக இருந்தால், இந்த எஞ்சினுக்குப் பாதிக்குப் பாதி கலவையும் நல்ல மூடியும் போதும் என்றே சொல்லியிருப்போம். அந்த 86 டிகிரி அளவு அதைத்தான் காட்டுகிறது.

ஜெனரேட்டர் நன்றாக ஓடியதைப் பார்த்து, இலை ஏற்றும் இரண்டு லாரிகளுக்கும் இதையே ஊற்றலாமா என்று முதலாளி கேட்டார். வேண்டாம் என்று முடிவானது. ஜெனரேட்டர் நின்ற இடத்திலேயே நிற்கிறது, கேன் பக்கத்தில் இருக்கிறது. லாரி மேட்டுப்பாளையத்திலிருந்து எரு ஏற்றிக்கொண்டு ஏறும்போது குஞ்சப்பனைக்கு மேலே ஹோஸ் வெடித்தால், டிரைவர் கைக்குக் கிடைப்பது சாலையோர ஊற்றுத் தண்ணீர்தான். அதை ஊற்றித்தான் அவர் வீடு வந்து சேர வேண்டும், ஊற்றினால் இருபது லிட்டர் நீரற்ற கூலன்ட்டும் அன்றோடு சாதாரணக் கூலன்ட் ஆகிவிடும். லாரிகளுக்குப் புது மூடிகள் வாங்கிப் போட்டார்கள். பழைய மூடிகளைப் பம்பில் வைத்துப் பார்த்தபோது இரண்டில் ஒன்று 0.3 பாரில் திறந்துகொண்டது.